பெண் பார்க்கப் போன பைனாகுலர்

பெண் பார்க்கப் போகிறவன் பூ, பழம் கொண்டுபோகலாம். கொஞ்சம் அசடு வழியலாம், அது தானாகவே வழியும். பைனாகுலர் மட்டும் கொண்டுபோகக் கூடாது. நான் கொண்டுபோனேன்.

எண்பதுகளின் கடைசி. பெருங்களத்தூரில் நானும் அம்மாவும். பகலில் ஆபீஸ், பொழுது சாய்ந்தால் மொட்டைமாடியில் நட்சத்திரம். அதிலும் மாறும் நட்சத்திரங்கள்தான் என் பித்து. சில வாரம் பளிச்சென்று இருக்கும், சில வாரம் மங்கிவிடும். (எங்கள் தெருவிளக்கும் அப்படித்தான். அதை யாரும் நட்சத்திரக் கேட்டலாக்கில் சேர்க்கவில்லை.)

யாரோ கொடுத்த வான மேப் ஒன்றை வைத்து ஒரு நட்சத்திரத்தை மாதக்கணக்கில் பார்த்தேன். மாறும் நட்சத்திரம் என்று மேப்பில் வட்டம் போட்ட இடத்தில் இருந்தது கொஞ்சமும் மாறவில்லை. நேர் எதிர்ப்பக்கம் இருந்த இன்னொன்று மங்கிக்கொண்டே போனது. தீர்ப்பு எழுதிவிட்டேன்: கேட்டலாக் தப்பு. உலகமே தப்பான நட்சத்திரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது, திருத்துவதற்கு ஒருத்தன் பெருங்களத்தூரில் பிறந்திருக்கிறான்.

அப்போதுதான் சேலையூரில் வரன் வந்தது. பெண்ணின் அப்பா பிசிக்ஸ் புரொபசர் என்றார்கள். விடுவேனா? மேப்பையும் பைனாகுலரையும் பையில் போட்டுக்கொண்டேன்.

பெண்ணின் மாமா பஜ்ஜித் தட்டை வைக்க வந்தவர் பையை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பைனாகுலர்? பொண்ணு உள் ரூம்லதான் இருக்கா. பக்கத்துலயே காட்டுவோம்."

கூடம் சிரிப்பில் குலுங்கியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பதறிப்போய் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். புரொபசர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேட்டலாக்ல தப்பா? வாங்க மாடிக்கு!"

"டேய், முதல்ல பொண்ணைப் பாருடா" என்று அம்மா பல்லைக் கடித்தாள். யார் கேட்டது? மொத்தக் கூட்டமும் மாடியேறியது. வேறு வழியில்லாமல் பெண்ணும் காபித் தட்டோடு பின்னால் வந்தாள். பெயர் உமா.

இருட்டத் தொடங்கியிருந்தது. வானத்தைக் காட்டி, தொண்டையைச் செருமி, கேட்டலாக்காரர்களின் அலட்சியத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடத்தினேன். உமா தட்டைக் கைப்பிடிச்சுவரில் வைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் மேப்பைப் பார்த்தாள். பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள்.

"இது டெலஸ்கோப்புக்குப் போட்ட மேப்புங்க. அதுல வானம் தலைகீழாத் தெரியும், அதனால மேப்பையும் தலைகீழாப் போட்டிருக்காங்க. பைனாகுலர்ல நேராத்தானே தெரியும்?"

"அப்ப...?"

அவள் மேப்பைத் தலைகீழாகத் திருப்பினாள். வட்டம் எதிர்ப்பக்கம் போய், நான் கண்டுபிடித்த நட்சத்திரத்தின் மேலேயே உட்கார்ந்தது. அதாவது, கேட்டலாக்கில் ஏற்கெனவே இருந்த நட்சத்திரத்தைப் பாடுபட்டுக் கண்டுபிடித்து, அது கேட்டலாக்கில் இல்லை என்று நிரூபித்திருக்கிறேன்.

"ஓரத்துல தெற்கு மேலேன்னு போட்டிருக்கே, பார்க்கலையா?" என்றார் புரொபசர்.

"அச்சுப் பிழைன்னு நினைச்சேன் சார்."

மாமா சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா பைனாகுலர் பையைப் பிடுங்கித் தன் காலடியில் போட்டுக்கொண்டாள். இந்த வரனும் போச்சு என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் சம்மதம் வந்தது. எப்படி ஒத்துக்கொண்டாய் என்று கல்யாணத்துக்குப் பிறகு உமாவிடம் கேட்டேன். "மங்கிப்போறதைச் சரியாத்தானே பார்த்திருந்தீங்க. மேப்பை நேராத் திருப்பிப் பிடிக்க ஒரு ஆள் இருந்தாப் போதும்னு தோணிச்சு" என்றாள்.

இன்றைக்கும் ஓட்டலுக்குப் போனால் என் மகள் மெனு கார்டைத் தலைகீழாகத்தான் என்னிடம் நீட்டுகிறாள். சர்வர் பதறி நேராக்க வந்தால், "விடுங்கண்ணா, அப்பாவுக்கு இப்படித்தான் படிக்க வரும்" என்கிறாள்.