அத்தானின் கடலை அழித்த கதை

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டேன். பஸ் தாமதமானால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்கத் தொடங்கி, நடுவழியில் அதைத் தவறவிடுவேன். இப்படிப்பட்டவளிடம் ஊர்ந்து ஓடும் ஒரு ஸ்மார்ட்போனைக் கொடுத்ததே பிழை. கொடுத்தவர் என் அக்காவின் கணவர், ராசன் அத்தான்.

அத்தான் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே தூண்டில் போடுகிறவர். கடலுக்கடியில் மீன் கூடும் கற்பாறைகளை வருடக்கணக்காகத் தேடி, போனிலுள்ள கடல் வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார். அந்த இடங்களை அக்காவுக்குக்கூடக் காட்டமாட்டார். (கலியாணமான புதிதில் ஒருமுறை கேட்டாளாம். பேச்சை மாற்றிவிட்டாராம்.)

"சுகந்தி, நான் இடத்தைக் கடந்து போன பிறகுதான் இது இடத்தைக் காட்டுது. தேவையில்லாததை அழிச்சுவிடு பிள்ளை," என்று சொல்லிவிட்டு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். நானோ போனைச் செய்தவர்கள் போட்டுத்தந்த மென்பொருளையே தூக்கி எறிந்துவிட்டு, யாரோ இணையத்தில் இலவசமாக ஏற்றியிருந்த இன்னொன்றைப் போடத் துணிந்தேன். செய்முறை வீடியோவில் ஒரு பையன் இந்தியில் கத்திக்கொண்டிருந்தான். எனக்கு இந்தி தெரியாது. அதையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன். படங்களையும் தொலைபேசி எண்களையும் லப்டொப்பில் ஏற்றினேன். (பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு!) பழைய மென்பொருளின் பூட்டைத் திறந்தால் போனிலுள்ள எல்லாம் அழியும் என்று போன் எச்சரித்தது. 'எல்லாம்தான் எடுத்தாச்சே, கெதியா நட' என்று அழுத்தினேன்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எழுந்தேன், இருந்தேன், முற்றத்துக்குப் போனேன், ஓடி வந்தேன். அத்தான் புரண்டு படுத்தபோதெல்லாம் ஒரு துணியால் போனை மூடினேன். கடைசியில் போன் உயிர்த்தது. அம்மாடி, என்ன வேகம்!

அத்தான் எழும்பி வந்து வரைபடத்தைத் திறந்தார். தொட்டதும் திறந்தது. "கெட்டிக்காரி!" என்றார். பிறகு விரலால் அங்கும் இங்கும் இழுத்தார்.

"கடல் கிடக்கு. என்ட இடங்கள் எங்க?"

அவர் குறித்ததெல்லாம் அந்தச் செயலிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதை நான் எடுத்து வைக்கவே இல்லை.

"இனி நான் எங்க போய்த் தூண்டில் போடுறது? சொல்லு பார்ப்பம்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். வீட்டில் உலை கொதிப்பதே அந்த இடங்களை நம்பித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்காதான் வாய் திறந்தாள். "பக்கத்துப் படகு யோகன் உங்கட இடமெல்லாத்தையும் களவெடுத்தவன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறீங்களே. அப்ப அவரிட்ட இருக்கும்தானே? போய்க் கேளுங்கோ."

"அந்தக் கள்ளனிட்டயோ? ஏலாது!"

ஏலாது என்றவரை இரண்டு பேருமாக இழுத்துக்கொண்டு போனோம். வழி நெடுக நான் பத்திரகாளி அம்மனை மன்றாடினேன்: தாயே, அந்த மனிதர் கள்ளனாக இருக்கவேண்டும்.

விஷயத்தைக் கேட்டதும் யோகன் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் ஒருத்தற்ற இடத்தையும் களவெடுக்கேல்லை."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ அண்ணன், கொஞ்சமாவது எடுத்திருக்க மாட்டீங்களோ?"

குசினி அடுப்படியில் நின்ற அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். "காட்டுங்கோவனப்பா! எல்லாம் இருக்கு."

யோகன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு போனை நீட்டினார். தூரத்தில் நின்று பார்த்து, அத்தான் படகை நிறுத்திய இடமெல்லாம் குறித்திருந்தார். எல்லாவற்றுக்கும் 'ராசன்' என்றே பெயர். அத்தான் கோபத்தை மறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றில் விரல் நின்றது.

"இது என்ட இல்லையே."

"என்ன கதை கதைக்கிறீங்கள்? நீங்கள் அதில நிப்பாட்டினதை நான் கண்ணால கண்டனான். எத்தினை நாள் தூண்டில் போட்டுப் பார்த்திட்டன், ஒரு மீன் கடிக்கேல்லை!"

அத்தான் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "அதில நான் ஒண்டுக்குப் போக நிப்பாட்டினனான்."

அன்று சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்கும் சண்டை மறந்துபோனது. இடங்களும் திரும்பக் கிடைத்தன. ஆனால் மீனே இல்லாத அந்த இடம் தன் பெயரில் கிடப்பது அத்தானுக்குப் பிடிக்கவில்லை. இருவரும் கலந்து பேசி அதற்கு என் பெயரை வைத்தார்கள். அது கரை முழுக்கப் பரவிவிட்டது.

இப்போதும் வெறும் படகோடு யார் கரைக்கு வந்தாலும், மீன் வாங்கக் காத்திருப்பவர்கள், "என்ன, ஒண்டும் இல்லையோ?" என்று கேட்பார்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் பதில் வரும்:

"ஓம், இண்டைக்குச் சுகந்தியில நிண்டனாங்கள்."