வீடியோவில் மிதந்து போவது நான்தான்

குடியாத்தம்
வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் மகேந்திரன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் கோதண்டபாணி வணங்கி எழுதுவது. இங்கு நான், சந்திரா, மகள் கலையரசி, தறிகள் ஆறும் நலம். ராணிப்பேட்டையில் தாங்களும் தங்கள் ரத்த அழுத்தமும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். போன் போட்டால் கட் செய்துவிடுகிறீர்கள். ஆகவே கடிதம்.

அந்த வீடியோவில் ஜனங்களின் தலைக்கு மேலே மல்லாந்தபடி மிதந்து போவது நான்தான். நான் குடித்திருக்கவில்லை.

"மேடையேறி டிரம்ஸ் அடிக்கிற பொண்ணுக்கு நான் தாய்மாமன் சீர் செய்ய மாட்டேன்" என்று தாங்கள் சொல்லிவிட்டீர்கள். தை மாசம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, தாய்மாமன் இல்லாமல் பெண்ணை எப்படி மணையில் உட்கார வைப்பது? அதனால்தான் அவளைக் கையோடு அழைத்துவர, அவள் கச்சேரி நடந்த ஆம்பூர் திடலுக்குப் போனேன். சந்திராவுக்கு எதுவும் தெரியாது. அன்று பிரதோஷம் என்று கோயிலுக்குப் போயிருந்தாள்.

அத்தனை பேர் எதிரில் பெற்ற பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தால் அசிங்கம். யோசித்தேன். பொன்னாடை போர்த்த வருகிறவனை எந்த மேடையிலும் யாரும் தடுப்பதில்லை. போர்த்துகிற சாக்கில் காதில் ஒரு வார்த்தை சொல்லி அப்படியே கீழே இறக்கிவிடலாம். பொன்னாடைக்கு எங்கே போவது? நம் தறிக் கொட்டகையில் நெய்து அடுக்கியிருந்த லுங்கியில் ஒன்றை உருவி, அக்குளில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே போனால் ஒரே அமளி. மழை தூறுகிறது, ஒரு ஸ்பீக்கரில் புகை வருகிறது, ஷூ கம்பெனியில் நம் பெண்ணுக்குப் பக்கத்து மிஷினில் தைக்கிற முபஷ்ஷிரா கம்பி அறுந்த கிட்டாரை விடாமல் வாசிக்கிறாள், பாடுகிற பையன் வயரில் தடுக்கி விழுந்து, படுத்தபடியே பாடுகிறான், ஒருத்தரும் தூக்கிவிடாமல் கைதட்டுகிறார்கள். இத்தனைக்கும் பின்னால் தலைமுடி அவிழ்ந்து நம் கலையரசி. அவள் அடித்த அடியில் என் நெஞ்சு அதிர்ந்தது. சத்தம் எனக்குப் புதுசில்லை மச்சான், ஆனாலும் புல்லரித்தது.

மேடையேறினேன். காவலுக்கு நின்றவன் லுங்கியைப் பார்த்ததும் கும்பிட்டு வழிவிட்டான். அவள் தலை வழியாகப் போர்த்தினேன். அவசரத்தில் எடுத்துவந்தது இரண்டு முனையும் சேர்த்துத் தைத்து மூட்டிய லுங்கி. தலை, இரண்டு கை, எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. டிரம்ஸ் நின்றது. கிட்டார் நின்றது. திடலே கப்சிப்.

தறிக்காரனுக்குச் சத்தம் நின்றால் நூல் அறுந்தது என்று அர்த்தம். ஓடிப்போய் முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டினால்தான் மூச்சு வரும். லுங்கியை உருவினேன். உள்ளேயிருந்து கண் கலங்கி அவள் முகம் வந்தது.

"இன்னாப்பா இது?"

கீழே இறங்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான்.

"அடிம்மா. நிறுத்தாத, அடி."

அடித்தாள் மச்சான்! திடல் முழுக்க எகிறிக் குதித்தது. நானும் ஆடிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்தேன், மேடை முடிந்துவிட்டது. விழவில்லை. கைமாற்றிக் கைமாற்றி என்னைச் சாமி புறப்பாடு மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். ஐம்பத்தாறு வயசில் என்னை இதுவரை யாரும் தூக்கியதில்லை. அழுதேன், சிரித்தேன், லுங்கியைத் தலைக்கு மேலே சுற்றினேன். நடுவில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் இடுப்போடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கூடவே வந்தான். மல்லாந்திருந்ததால் முகம் தெரியவில்லை. அவன் குடும்பம் நன்றாக இருக்கவேண்டும்.

இனி அவள் மேடை ஏற மாட்டாள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அவள் அடிப்பாள். தாங்களும் வந்து சீர் செய்யவேண்டும், இரண்டும் நடக்கவேண்டும். சந்திராவிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். தெரிந்தால் இங்கே ஒரு வாரத்துக்கு அடுப்பு எரியாது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
கோதண்டபாணி

பின்குறிப்பு: அண்ணா, சந்திரா எழுதறேன். கவரை ஒட்டாம மேசை மேலயே வச்சிட்டுத் தறிப்பக்கம் போய்ட்டாரு. அன்னிக்குப் பிரதோஷமே இல்ல, இவரு காலண்டரைக்கூடப் பாக்கல. நீ சீர் செய்ய மாட்டேன்னா அதை நேர்ல வந்து என்கிட்ட சொல்லு. முதல் வரிசையில நின்னு அவரு வேட்டியை விடாம புடிச்சிக்கினு வந்தது நான்தான். அவருகிட்ட சொல்லிடாத, யாரோ புண்ணியவான்னே இருக்கட்டும்.