சிவப்புப் பட்டை

"எம்பிள்ளைக்கு மட்டும் ஏன் பச்சை?" என்று பானுப்ரியா கேட்டாள். அன்று காலையில் நர்ஸ் விக்டோரியா சிஸ்டரின் காதில் இந்தக் கேள்வி விழுவது பதினேழாவது தடவை.

"லேசான சளிதாம்மா. பச்சைன்னா நல்லது."

"நல்லதுன்னா அவியளுக்குக் கொடுங்க!" என்று பக்கத்து பெஞ்சைக் காட்டினாள். அங்கே காயல்பட்டினத்து ஸஹ்லாவின் மகன் ஹம்தான் மஞ்சள் பட்டையோடு படுத்திருந்தான்.

"எம்மவனுக்குக் காய்ச்சல் நூத்திமூணு. மஞ்சள் வேணும்னா நீங்களே வச்சுக்கிடுங்க!" என்று ஸஹ்லா அதைக் கழற்றி நீட்டிவிட்டாள். பானுப்ரியாவும் வாங்கிக்கொண்டாள்.

குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் புதிதாக வந்த ஏற்பாடு இது. பிள்ளை வாசலுக்கு வந்ததுமே மணிக்கட்டில் பட்டை கட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே உள்ளே, மஞ்சள் என்றால் அடுத்து, பச்சை காத்திருக்கலாம். மதுரையில் இரண்டு நாள் பயிற்சியில் கேட்டபோது தெளிவாகத்தான் இருந்தது. அங்கே தாய்மார்கள் யாரும் வரவில்லை.

ஏற்பாடு தேவைதான். முன்பெல்லாம் யார் சத்தம் அதிகமோ அவர் பிள்ளைதான் முதலில் உள்ளே போகும். போன மாதம் கடைசி பெஞ்சில் சத்தமே இல்லாமல் கிடந்த ஒரு குழந்தையின் உதடு நீலமாகிவிட்டதை விக்டோரியா கடைசி நிமிடத்தில்தான் பார்த்தாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த நீலம் அவளைத் தூங்கவிடவில்லை.

பானுப்ரியாவின் சண்டைக்கு மறுநாள் நிறத்தை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதினாள்.

"எம்பிள்ளைக்கு மூணாவதா?" என்று சாயர்புரம் வாத்தியார் ஒருவர் எழுந்துவிட்டார். "எங்க குடும்பத்துல யாரும் ரெண்டாவது ரேங்க்கூட வாங்கினதில்ல, தெரியுமா?"

அதற்கடுத்த நாள் எண்ணும் போய், மீன், நண்டு, ஆமை என்று படம் ஒட்டினாள். அதுவரை தாய்மார்கள்தான் சண்டை போட்டார்கள். இப்போது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. நண்டு கிடைத்தவன் மீன் கேட்டு அழுதான். மீன் கிடைத்தவன் சுறா கேட்டுப் புரண்டான்.

டாக்டர் ஐஸ்வர்யா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "சிஸ்டர், இந்தச் சத்தத்துல ஸ்டெதஸ்கோப்ப காதுல வச்சு நான் என்னத்தக் கேக்க?"

விக்டோரியா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். கால் இரண்டும் கடுத்தன. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

எல்லாப் பிள்ளைக்கும் சிவப்பு. நிஜமாகவே ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பட்டையே கிடையாது. மணிக்கட்டில் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, பக்கத்துக் கதவு வழியாக நேரே டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். ரகசியம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவள், டாக்டர், வாட்ச்மேன் மரியான்.

மறுநாளிலிருந்து பிரிவில் பூனை நடந்தாலும் கேட்கும் அமைதி. அதே சளிக்காக மறுபடி வந்த பானுப்ரியா, மகன் செந்தூர்வேலின் கையில் சிவப்பைக் கட்டியதும் பேசாமல் போய் உட்கார்ந்தாள். வாத்தியார் பேப்பர் படித்தார். சிவப்பைக் கொடுத்து ஊரையே ஏமாற்றுகிறோமே என்று விக்டோரியாவுக்கு உறுத்தத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதற்கென்று தனியாக ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை தருவைகுளத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை அழவில்லை. மூச்சுக்கு மூச்சு விலாவுக்கடியில் சதை உள்ளே குழிந்தது. விக்டோரியா பிளாஸ்திரியை ஒட்டி, தானே தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரே நிமிடத்தில் ஆக்சிஜன் ஏறியது. அரை மணி நேரத்தில் உதட்டுக்கு நிறம் திரும்பியது. விக்டோரியா சுவரைப் பார்த்து நின்று கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

திரும்பி வந்தால் பானுப்ரியா காத்திருந்தாள். செந்தூர்வேலுக்கு இந்த முறை முழங்காலில் சிராய்ப்பு. சிவப்புப் பட்டை டப்பா காலி. ஸ்டோருக்கு மாடி ஏற வேண்டும். கால் வராது. கையிலிருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, பையனின் பெயரை எழுதி மணிக்கட்டில் ஒட்டினாள்.

"ஐயோ, எம்பிள்ள!" என்று பானுப்ரியா தரையில் சரிந்தாள்.

பெஞ்சே எழுந்துவிட்டது. மகனை மறுபடி காட்ட வந்திருந்த ஸஹ்லா ஓடிவந்து, "அல்லா காப்பாத்துவான், அழாதீய" என்று அவளைத் தாங்கிப் பிடித்தாள். வாத்தியார் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து செந்தூர்வேலும் வீரிட்டான்.

"என்னம்மா இது? சிராய்ப்புக்கா இவ்வளவு அழுக?" விக்டோரியா பதறினாள். "சிவப்பு தீந்துபோச்சு, அவ்வளவுதான். சிவப்பு கிடைக்கலன்னு கோவமா?"

மரியான் தலையைச் சொறிந்தான்.

"கோவம் இல்ல சிஸ்டர், சிவப்பு கட்டினா பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு முதல் நாளே எல்லாருக்கும் தெரியும், அந்த நிம்மதியிலதான் இத்தன நாளும் வாயத் தொறக்காம உக்காந்திருந்தாவ."