மூன்றாம் தடுப்பின் முதல் போணி

மூன்றாம் தடுப்பில் காரும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் யாரோ பணம் கட்டிவிட்டார்கள்.

"பணம் ஏற்கப்பட்டது. நன்றி," என்றது சுவரில் புதிதாக மாட்டியிருந்த கார்டு மெஷின், இனிமையான பெண் குரலில். அடுத்த நொடி குழாய் உயிர் வந்ததுபோல் நெளிந்து எழுந்து, சுவரோரம் கூட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் முகத்தில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சியது.

மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். கடை திறந்து முதல் கார் இன்னும் உள்ளே வரவில்லை. கார்டு மெஷினுக்கோ அதுதான் முதல் நாள்.

அவரை எல்லாரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். காரை அவரவரே கழுவிக்கொண்டு போகிற அந்த இடத்தை நடத்தியது அவருடைய மாமனார். வரிசையாக மூன்று தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு குழாய், ஒரு காசுப்பெட்டி. காசைப் போட்டால் தண்ணீர் வரும், தீர்ந்தால் நிற்கும், கார் முழுக்க நுரை இருந்தாலும் சரி. மாமனார் போன வருஷம் காலமாகிவிட்டார், ஆனாலும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இவர் இன்னமும் மாப்பிள்ளைதான். மாமனார் ஒருவர்தான் கடைசிவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. வேலை ஏதாவது இருந்தால் ஒரு தடவை இருமுவார். அவசரம் என்றால் இரண்டு தடவை.

கார்டு என்ற பேச்சே அவருக்கு ஆகாது. பேங்க் ஆட்கள் கார்டு வாங்கச் சொல்லி வந்தால், "செத்தப்புறம் வாங்கிக்கறேன், போயிட்டு வாங்க" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவைப்பார்.

ஆனால் இப்போது யார் சட்டைப்பையிலும் சில்லறை இல்லை. வருகிற கார்கள் காசுப்பெட்டியைப் பார்த்ததும் அப்படியே பின்வாங்கிப் போயின. இடம் மனைவி பெயரில் இருந்தது. அதைக் குடோனாக்க மச்சினன் எப்போது எப்போது என்று காத்திருந்தான். மாப்பிள்ளை மன்றாடி ஒரு மாத அவகாசம் வாங்கியிருந்தார்.

"மெஷின் வெச்சுப் பாருங்க," என்று சொல்லியிருந்தாள் மனைவி. "சரிவரலேன்னா தம்பிகிட்ட விட்டுடலாம். அப்பா இல்லாத இடத்தைக் கட்டிக்கிட்டு அழ முடியாது."

அந்த இடத்தில் அவர் சொந்தமாக யோசித்துச் செய்த முதல் காரியம் இது. இதுவும் கவிழ்ந்தால் மிச்ச ஆயுசுக்கும் மச்சினனின் குடோனில் மூட்டை எண்ண வேண்டியதுதான்.

நல்லவேளை, குழாய் பீய்ச்சியபோது தூறலுக்காக மாமனாரின் பழைய மஞ்சள் மழைக்கோட்டை மாட்டியிருந்தார், சட்டை தப்பியது. இனி இதைக் கழற்றக் கூடாது என்று முடிவு செய்தார். அந்தக் கோட்டிலும் ஒரு சங்கடம் இருந்தது. 'கார்டு வசதி வருகிறது' என்று வாசலில் பலகை மாட்டிய மறுநாள் பார்த்தால், ஆணியில் தொங்கிய கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. ஆணியிலிருந்து வாசல்வரை ஈரத் தடம். அன்றைக்கு வெளியே நல்ல வெயில். கூரை ஒழுகுகிறது போல என்று ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். வந்தவர் மேலே ஏறி இறங்கி, "ஓட்டையே இல்லியே சார்" என்று சொல்லிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாளும் மூன்றாம் தடுப்பு அவரை நனைத்தது. அதற்கடுத்த நாளும் நனைத்தது. வாடிக்கையாளர் வந்தால் மெஷின் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. மாப்பிள்ளை தனியாகப் பக்கத்தில் போனால் மட்டும், "பணம் ஏற்கப்பட்டது. நன்றி."

மெஷின் மாட்டிய ஆளை வரவழைத்தார். மெஷின்காரர் முன்னால் நின்றார், பின்னால் நின்றார், தட்டிப் பார்த்தார். மெஷின் மூச்சு விடவில்லை.

"ஒண்ணும் இல்லியே சார்."

"நான் வரட்டுமா?"

மாப்பிள்ளை இரண்டு அடி எடுத்து வைத்தார். குரல் நன்றி சொன்னது. இந்தத் தடவை மெஷின்காரரும் சேர்ந்து நனைந்தார்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கைபேசியில் எதையோ தேடிப் பார்த்தார். "சார், இது கோளாறு இல்ல. நெஜமாவே பணம் வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரே கார்டுல இருந்து."

"யாரோடது?"

"பேரு எங்களுக்குத் தெரியாது சார். பேங்க்லதான் கேக்கணும்." மெஷின்காரர் காலியாக இருந்த தடுப்பை ஒரு பார்வை பார்த்தார். "எதுக்கும் புது மெஷின் மாட்டிடறேன். மூணுக்கும். இது ரொம்ப நல்ல மெஷின், தூரத்துல காட்டினாலே எடுத்துக்கும்."

எடுத்துக்கொண்டது. அன்று மாலையே மாப்பிள்ளை முன்பக்கமாக நடந்துபோக, ஒன்று, இரண்டு, மூன்று என்று தடுப்புகள் வரிசையாக நன்றி சொல்லிக்கொண்டே வந்தன. இரண்டாம் தடுப்பில் ஒரு டீச்சரம்மா, கண்ணாடியை இறக்கிவிட்டு, மடியில் பரீட்சைத் தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். குழாய் ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து ஒரு வகுப்பையே கழுவிவிட்டது.

"இனிமே எல்லாருக்கும் பாஸ்தான் போடணும்," என்று சொட்டச் சொட்ட இறங்கினார் டீச்சரம்மா. "உங்க மாமனார் இருந்தப்ப இங்க இப்படியெல்லாம் நடக்குமா?"

விஷயம் மனைவியின் காதுக்குப் போனது. மறுநாள் மத்தியானமே வந்து நின்றாள்.

"அப்பாவுக்குப் பிடிக்கல," என்றாள், வந்ததும் வராததுமாக.

"பிடிக்காதவர் எதுக்கும்மா காசு கட்டறார்?"

"அவரு எதையும் ஓசியில தொட மாட்டார். உங்களை விரட்டறதா இருந்தாலும் காசு குடுத்துத்தான் விரட்டுவார்."

அவள் தனியாக மூன்றாம் தடுப்புக்குள் போய்ச் சுவரைத் தொட்டாள். "அப்பா, நான்தான்," என்றாள் மெதுவாக. மெஷின் சும்மா இருந்தது. கூரை விளிம்பிலிருந்து மட்டும் ஒரு சொட்டு விழுந்தது. அவளுடைய தோள் நடுங்குவதைப் பார்த்த மாப்பிள்ளை, குளிர்கிறது என்று நினைத்து, கோட்டைக் கழற்றி ஓடிப்போய் அவளுக்குப் போர்த்தினார்.

"பணம் ஏற்கப்பட்டது. நன்றி."

குழாய் எழுந்தது. இருவரும் தலைமுதல் கால்வரை நனைந்து அசையாமல் நின்றார்கள். நேரம் முடிந்து பம்பு அடங்கும்போது, இருமியது. சற்று நிதானித்து, இன்னொரு தடவை இருமியது.

மாப்பிள்ளையின் கை தானாகத் துடைப்பத்தைத் தேடியது, அவ்வளவு வருஷப் பழக்கம்.

"போதும்," என்றாள் மனைவி. "இன்னிக்கே எல்லாத்தையும் கழட்டுங்க. தம்பிக்கு ஃபோன் போடறேன்."

கைக்குட்டை இருக்குமா என்று கோட்டின் உள்பையில் கையை விட்டாள். மாமனாரின் பையில் கை விடும் துணிச்சல், அவர் உயிரோடு இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, மாப்பிள்ளைக்கு வந்ததில்லை. அவள் கை வெளியே வந்தபோது விரல் இடுக்கில் ஒரு கார்டு இருந்தது. அப்பாவின் பெயர் போட்டிருந்தது.

மெஷின்காரருக்கு ஃபோன் போட்டார்கள். அவர் மறுமுனையில் விழுந்து விழுந்து சிரித்தார். "கோட்டுப் பையிலயா? அட, நீங்க பக்கத்துல போகப் போக மெஷின் அதுவா காசை எடுத்துக்கிட்டிருக்கு சார். பேய் நீங்கதான்."

"பம்பு இருமுச்சே?"

"காத்து புகுந்தா இருமும் சார்."

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பாருங்க இவரை. ஊருக்கெல்லாம் வேணாம்னு சொல்லிட்டு, நமக்குத் தெரியாம வாங்கி வெச்சிருக்கார். ஒரு கீறல்கூட இல்ல, பொத்திப் பொத்தி வெச்சிருக்கார்." கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சொன்ன சொல் மாறாத மனுஷன்னு எல்லாரும் சொல்லுவாங்க. உண்மை எனக்கு மட்டும்தான் தெரியுது இப்போ." அப்புறம் தம்பிக்கு ஃபோன் போட்டு, குடோனுக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னாள். மாப்பிள்ளை ஓரமாகப் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீரா கண்ணீரா என்று அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில், இறந்தவர் கார்டை வைத்திருப்பது முறையில்லை என்று இருவரும் பேங்க்குக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் கார்டை வாங்கி, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள்.

"கணக்கை முடிக்கணும்," என்றார் மாப்பிள்ளை. "என் மாமனார். போன வருஷம் தவறிட்டார்."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். கார்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, எதிரே அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளின் கீழே தரையை எட்டிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"போன மாசம் மஞ்சள் கோட்டோட சொட்டச் சொட்ட வந்து, ரெண்டு தடவை இருமிட்டு, 'எங்க மாப்பிள்ளை கார்டு மெஷின் வைக்கறார், முதல் போணி நான்தான் பண்ணணும், உடனே ஒரு கார்டு குடும்மா'ன்னு வாங்கிட்டுப் போனாரே, அவரா சார்?"