டீ இடைவேளையில் வரும் ஞாபகம்

பொய்ச் சாட்சி சொல்கிறவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவர்களை விட்டுவிடுவோம், பாவம், அவர்களாவது எதையோ சொல்கிறார்கள். இன்று நான் உங்களுக்குக் காட்டப்போகும் ஜீவன் வேறு ரகம். இவர் பெயர் 'முழு ஒத்துழைப்பு'. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும்; ஆனால் சட்டமன்ற விசாரணைக் குழு கூப்பிடும்போதெல்லாம், வாசலில் மைக்கை நீட்டும் நிருபர்களிடம் "விசாரணைக்கு முழு ஒத்துழைப்புத் தருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார் என்பதால், ஊரே அவரை அப்படித்தான் அழைக்கிறது.

உங்களுக்கும் இவரைத் தெரியும். தெரியாது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

நான் கண்ட முழு ஒத்துழைப்பு என் அடுத்த வீட்டுக்காரர், குடிநீர் வாரியத்தில் தலைமைப் பொறியாளர். புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியின் திறப்பு விழா அன்று, கான்கிரீட் சரியாக இறுகுவதற்கு முன்பே, ரிப்பன் வெட்டியதும் குழாயில் தண்ணீர் கொட்டினால்தான் படத்தில் நன்றாக இருக்கும் என்பதற்காக யாரோ அதை விளிம்பு வரை நிரப்பச் சொல்ல, அது வாழ்த்துரை பாதியில் இருக்கும்போதே வெடித்து, மேடையையும் நாற்காலிகளையும் வாழ்த்திக்கொண்டிருந்தவரையும் தெருமுனை வரை கொண்டுபோய் இறக்கிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. போனது ஒருவருடைய வேலை மட்டும்தான். 'யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு வால்வைத் திறந்தார்' என்று பம்ப் ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திறக்கச் சொன்னது யார் என்று தெரிந்தால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும். தெரியாவிட்டால் வேலையோடு பென்ஷனும் போகும். அன்றைக்கு வால்வுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆபரேட்டர். இன்னொருவர் நம்மாள்.

முதல் அழைப்பாணை வந்தது. நம்மாள் ஊரில் இல்லை. இரண்டாவது வந்தது. நெஞ்சுவலி. 'வராவிட்டால் போலீஸை வைத்துக் கூட்டிவருவோம்' என்று குழுவின் தலைவி அம்மையார் மூன்றாவதாக ஒன்று அனுப்பியதும், வலி வந்த வழியே போய்விட்டது. வந்தார் பாருங்கள்! முதுகுக்கு ஒரு குஷன், ஃபிளாஸ்க்கில் வெந்நீர், பக்கத்தில் வக்கீல், பின்னால் ஒரு வேன் நிறைய ஃபைல்கள். குழு கேட்டது ஒரே ஒரு கேள்வி. அவர் கொண்டுவந்ததோ, ஆற்று மணலின் தரத்திலிருந்து விழாப் பந்தலின் அகலம் வரை, கேட்காத எல்லாவற்றுக்கும் பதில். இதைவிட ஒருவர் எப்படி ஐயா ஒத்துழைப்பார்?

"தொட்டிய நிரப்பச் சொன்னது யாரு?" என்றார் தலைவி.

"ரொம்ப நல்ல கேள்விங்க, மேடம்."

"பதில் சொல்லுங்க."

"நிரப்புறதுன்னா நீங்க எதைச் சொல்றீங்கன்னு தெரிஞ்சா வசதியா இருக்கும்."

"தண்ணிய!"

வக்கீல் குனிந்து காதில் ஏதோ சொன்னார். நம்மாள் கண்களை மூடி, நெற்றியைத் தேய்த்து, மூளையின் எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டுத் தேடிவிட்டு வந்தவர் மாதிரிப் பெருமூச்சு விட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்லைங்க."

கவனித்தீர்களா? 'தெரியாது' என்று சொல்லவில்லை. தெரியாது என்றால் அது பொய், பொய்க்குத் தண்டனை உண்டு. ஞாபகம் இல்லை என்றால்? மண்டைக்குள் யார் எட்டிப் பார்ப்பது? சட்டமன்றத்தின் அதிகாரம் லேசுப்பட்டதல்ல. ஆளை வரவைக்கலாம், ஃபைலை வரவைக்கலாம், சத்தியம் வாங்கி நாற்காலியில் உட்காரவைக்கலாம். ஞாபகத்துக்கு மட்டும் இன்னும் யாரும் அழைப்பாணை கண்டுபிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அடுத்த வீட்டுச் சுவர் வழியே எனக்குக் கேட்டது இது.

"ஒண்ணுமே ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களாமே? நம்ம கல்யாணத்துல எங்க அண்ணன் உங்களை 'வாங்க'ன்னு கூப்பிடாதது மட்டும் எப்படி இத்தனை வருஷமா ஞாபகம் இருக்கு?"

"அது முக்கியமான விஷயம்டி."

மறுநாள் நானும் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். வேலை போன ஆபரேட்டரும் வந்திருந்தார். அன்றும் அதே கேள்வி, அதே நெற்றித் தேய்ப்பு, அதே பெருமூச்சு. கடைசியில் தலைவி அலுத்துப்போய் டீ இடைவேளை விட்டார். மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. சுருக்கெழுத்தர் விரல்களைச் சொடுக்கு எடுத்துக்கொண்டார். எல்லோரும் கூடத்தின் பின்பக்கம் இருந்த டீ மேஜையைச் சூழ்ந்துகொண்டோம். விளக்கு அணைந்ததுதான் தாமதம், நம்மாளுக்கு ஞாபகம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அட, அதை ஏங்க கேக்குறீங்க?" என்று பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "நம்ம துறைச் செயலாளர்தான் எனக்கு ஃபோன் பண்ணார். 'விழா முடியிற வரைக்கும் தாங்கும்யா, ரொப்பு'ன்னார். நான்தான் வால்வைத் திறக்கச் சொன்னேன். இந்த ஆபரேட்டர் பாவம், 'வேணாம் சார், ஈரம் கசியுது'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டார். நான்தான் ஒரு அதட்டுப் போட்டேன்."

சொல்லிவிட்டு ஆபரேட்டரின் தோளில் பிரியமாகத் தட்டவும் தட்டினார். வேலை போனதிலிருந்து ஆபரேட்டர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அப்போது சிரித்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. அவர் கையிலிருந்த டீயைக் குடிக்கக்கூட மறந்து நின்றார்.

விளக்கு மறுபடி எரிந்தது.

"இப்ப டீ குடிக்கிறப்போ சொன்னீங்களே," என்றார் தலைவி, முகமெல்லாம் மலர்ச்சியாக. "அதை அப்படியே சொல்லிடுங்க."

நம்மாள் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார்.

"டீ குடிச்சதே எனக்கு ஞாபகம் இல்லைங்க, மேடம்."

பிஸ்கட் தூள் மீசையிலேயே இருந்தது.

தலைவிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "தலைமை தாங்குறவங்களே சாட்சி சொல்ல முடியாதுங்க" என்று வக்கீல் பணிவாக எடுத்துச் சொல்லவே, தலைவி குழு உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "டீ குடிக்கிறப்போ இவர் சொன்னதைக் கேட்டீங்களா, இல்லையா?" ஆளுங்கட்சி உறுப்பினர் அந்த நேரம் பார்த்துச் சர்க்கரை தேடிக்கொண்டிருந்தாராம். எதிர்க்கட்சி உறுப்பினருக்குத் திடீரென்று காது மந்தமாகிவிட்டது. அந்தச் செயலாளர் இவருடைய கட்சி ஆட்சியிலும் செயலாளராக இருந்தவர், நாளைக்கும் இருப்பார். சுருக்கெழுத்தரோ, "வெளக்கு அணைஞ்சா நான் எதையும் காதுல வாங்குறதில்லைங்க" என்றார் கம்பீரமாக.

ஆபரேட்டர் எழுந்து நின்றார். "எல்லாரும் பக்கத்துலதானேங்க நின்னீங்க? யாராவது ஒருத்தர் சொல்லுங்க, ஒருத்தர் சொன்னாப் போதும்."

அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். என்னைக் கேட்கிறீர்களா? பார்வையாளர்கள் பேசக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. விசாரணை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. நம்மாள் வெளியே வந்து, மைக்குகளைப் பார்த்துக் கைகூப்பி, முழு ஒத்துழைப்புத் தந்துவிட்டதாக அறிவித்தார். ஆபரேட்டர் அந்தக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

நீங்கள் இதற்குள் சிரித்து முடித்திருந்தால் ஒரு சின்ன விஷயம். ஃபோன் செய்தது யார், திறக்கச் சொன்னது யார், வேண்டாம் என்று கையைப் பிடித்தது யார் என்பதெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். தலைவி அம்மையார் விடுகிற ரகமல்ல. விஷயம் தெரிந்தவர்கள் இன்னும் யார் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். நாளைக்கே உங்கள் வீட்டுக் கதவு தட்டப்படலாம். ஒருவர் அழைப்பாணையை நீட்டுவார், அவருக்குப் பின்னால் ஆபரேட்டர் நின்றுகொண்டிருப்பார். இதைப் படித்தீர்களா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஏன் நெற்றியைத் தேய்க்கிறீர்கள்?