பத்துக் கொட்டாவிக்குள்

"கொட்டாவி என்பது..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

மாமியார் கொட்டாவி விட்டார்.

ஏதோ சின்னக் கொட்டாவி என்று நினைத்துவிட வேண்டாம். கடைவாய்ப் பல் தெரிய, கண்ணில் நீர் தளும்ப, முடிவில் "ஆவ்வ்வ்" என்று ராகம் போட்டு இறங்கிய கொட்டாவி. அதைப் பார்த்து சோபாவின் அந்த முனையில் இருந்த மச்சான் விட்டான். தம்பியைப் பார்த்து அக்கா, அதாவது டாக்டரின் மனைவி, விட்டாள்.

"முதல் வாக்கியமே முடியல. அதுக்குள்ள மூணு," என்றார் டாக்டர்.

"அய்யோ, சுவாரசியமாத்தாங்க இருக்கு. நீங்க மேல..." என்ற மனைவியின் மீதிப் பேச்சை அடுத்த கொட்டாவி விழுங்கிவிட்டது.

"நெருங்கின சொந்தத்துக்குத்தான் சீக்கிரம் தொத்தும்னு ஆராய்ச்சி சொல்லுது அத்தை. என் மேல உங்களுக்கு இவ்வளவு பாசம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை."

"பாசமெல்லாம் இருக்கட்டும் மாப்பிள்ளை. நீங்க சீக்கிரம் முடிங்க," என்றார் மாமியார்.

நம்ம டாக்டர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். ஒருவர் விடும் கொட்டாவி பக்கத்தில் இருப்பவருக்கு ஏன் தொற்றுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அவர் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் காவலாளி முதல் எல்லாருக்கும் அவர் கொட்டாவி டாக்டர்தான். அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் கொட்டாவி விட்டால், இறங்க வேண்டிய நிறுத்தத்தை மறந்து அடுத்தது யார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு ஆசை அந்த வேலை மேல்.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

நிலையத்தில் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆராய்ச்சியாளரும் பொதுமக்கள் முன்னால் அரை மணி நேரம் சுவாரசியமாகப் பேச வேண்டும். சுவாரசியத்தை அளப்பதற்கென்றே ஒரு அதிகாரி மேடத்தை நியமித்திருந்தார்கள். அவர் மேடையோரமாக நாற்காலி போட்டு, கூட்டத்தைப் பார்த்தபடி உட்காருவார். கையில் ஒரு சின்னக் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் 'டிக்' என்று ஒரு எண் ஏறும். கூட்டத்தில் ஒரு கொட்டாவிக்கு ஒரு டிக். பத்தைத் தாண்டினால் பேச்சு தோல்வி, ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

போன மாதம் பூஞ்சை ஆராய்ச்சிக்காரர் பதினொன்று வாங்கினார். இப்போது ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து காலிப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறார். வழியில் பார்த்தால், "பக்கத்துல ஒரு ஸ்டூல் துடைச்சு வெச்சிருக்கேன் டாக்டர்," என்று அன்போடு சொல்கிறார்.

டாக்டர் இயக்குநரிடம் போய் முறையிட்டுத்தான் பார்த்தார்.

"சார், என் கேஸ் வேற. கொட்டாவின்னு சொன்னாலே கொட்டாவி வரும். கேட்டா வரும், படிச்சா வரும், நினைச்சாலும் வரும். என் கூட்டத்துல கொட்டாவியை எண்ணுறது நியாயமா?"

"போரடிக்கிறவங்க எல்லாருமே ஏதாவது ஒரு காரணம்..." என்று ஆரம்பித்த இயக்குநருக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. அதை அவசரமாக இருமலாக மாற்றி, "...சொல்லத்தான் செய்வாங்க. போங்க, நல்லாத் தயார் பண்ணுங்க," என்று அனுப்பிவிட்டார்.

அதற்காகத்தான் வீட்டு வரவேற்பறையில் இந்த ஒத்திகை.

"ஏங்க, அந்த வார்த்தையாலதானே பிரச்சினை? அதைச் சொல்லாமலே பேசிடுங்களேன்," என்று யோசனை சொன்னாள் மனைவி.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் சாயங்காலம் அதே சோபா, அதே மூவர். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம எல்லாருக்கும் அது வரும். அடக்க அடக்க இன்னும் பெரிசா வரும். கூட்டத்துல ஒருத்தர் விட்டா, பக்கத்துல இருக்கிறவங்களால சும்மா இருக்க முடியாது. நாய்கூட விடும். சத்தம் இல்லாம விடுறவங்களும் உண்டு, சத்தத்தோட..."

மாமியார் எழுந்துவிட்டார். "மாப்பிள்ளை! நாலு பேர் கூடுற இடத்துல பேசுற பேச்சா இது? முதல்ல வயித்துக்கு ஏதாவது மருந்து சாப்பிடுங்க!"

மச்சான் சோபாவிலிருந்து சரிந்து தரையில் உருண்டு சிரித்தான். சிரித்து முடித்தபின்தான் அவனுக்கு மூளை வேலை செய்தது.

"அத்தான், வார்த்தையை விடுங்க. வாய் சும்மா இருந்தாத்தானே கொட்டாவி வரும்? வாய்க்கு ஒரு வேலை குடுத்துட்டா?"

"என்ன வேலை?"

"டாஃபி! பல்லுல நல்லா ஒட்டிக்கிற டாஃபி. வாசல்லயே ஆளுக்கு ரெண்டு குடுத்து, வாயில போட்டுக்கச் சொல்லிடுவோம். அப்புறம் எவன் வாயைத் திறக்கிறான்னு பார்த்துடலாம்."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். டாஃபி இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. டாக்டர் யோசித்தார். அவருக்குப் படித்தது ஒன்று நினைவுக்கு வந்தது. தலை குளிர்ச்சியாக இருந்தால் கொட்டாவி அவ்வளவாகத் தொற்றுவதில்லை என்று ஒரு ஆராய்ச்சி உண்டு.

"அப்போ ரெண்டு பெரிய ஃபேனும் வேணும். பின்னாடியிலேருந்து கூட்டத்து மேல நல்லாக் காத்து அடிக்கணும்."

"நான் பார்த்துக்கறேன் அத்தான்," என்றான் மச்சான்.

மச்சான் பார்த்துக்கொண்ட எதுவும் இதுவரை நல்லபடியாக முடிந்ததில்லை. கடைசியாக அவன் பார்த்துக்கொண்டது குளியலறைக் குழாயை. இன்றைக்கும் அதைத் திறந்தால் சமையலறையில் தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் ஆற்றில் போகிறவனுக்குத் துரும்பும் தெப்பம்தான். டாக்டர் தலையாட்டிவிட்டார்.

பேச்சு நாள் வந்தது. நூலகத்தின் மாடியில் நீளமான கூடம். ஓய்வு பெற்றவர்கள், பையோடு வந்த இல்லத்தரசிகள், கல்லூரிப் பெண்கள், தையல்கடைக்காரர் ஒருவர், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் சிலர் என்று கூட்டம் நன்றாகவே சேர்ந்திருந்தது. மைக் செட்காரர் கடைசியாக ஒருமுறை "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்தார்.

"முன்னாடி ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ், பின்னாடி ரெண்டு பாக்ஸ். எல்லாம் பக்காவா இருக்கு சார். யாரும் கை வெக்காம இருந்தாப் போதும்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே போனார்.

வாசலில் மச்சான் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு டாஃபியைத் திணித்து, "இப்பவே போட்டுக்குங்க, இப்பவே போட்டுக்குங்க," என்று விரட்டிக்கொண்டிருந்தான். அதை முடித்துவிட்டு ஃபேன்களைத் தூக்கிக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் ஓடினான். கொஞ்ச நேரம் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு ஃபேன்களும் விமானம் கிளம்புவதுபோல் உறுமிக்கொண்டு சுழன்றன. கடைசி வரிசையில் ஒருவருடைய தொப்பி பறந்து மூன்று வரிசை தாண்டி ஒரு அம்மாவின் மடியில் விழுந்தது. மச்சான் தூரத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

மேடம் வந்து மேடையோரம் அமர்ந்தார். கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டார். "ஆரம்பிக்கலாம்," என்றார். சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

சுவாரசியமான பேச்சு நகைச்சுவையோடு தொடங்க வேண்டும் என்று நிலையத்தின் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் தம்மிடம் இருந்ததிலேயே நல்ல ஜோக்கைச் சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லை என்பதுதான் சரி. மொத்தக் கூடமும் மாடு அசைபோடுவதுபோல் தாடையை அசைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு மட்டும் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

ஆனால் டிக் சத்தமும் கேட்கவில்லை. டாக்டருக்குத் தெம்பு வந்தது. "கொட்டாவி" என்று துணிந்து சொன்னார். டிக் இல்லை. இன்னொரு தரம் சொன்னார். அப்போதும் இல்லை. பின்வரிசையில் ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டினார். இவ்வளவு ஆர்வமான ரசிகரா என்று டாக்டர் பூரித்துப்போய், பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு மேலே பேசினார்.

வினை முதல் வரிசையில் இருந்தது.

அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரின் பல்செட் டாஃபியோடு ஒட்டிக்கொண்டது. மேலே இழுத்தால் கீழ்ப்பல் வந்தது, கீழே இழுத்தால் மேல்பல் வந்தது. மனிதர் வேறு வழியில்லாமல் வாயை 'ஆ' என்று அகலத் திறந்து, இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவினார். அந்தத் திறந்த வாயைப் பக்கத்து நாற்காலி அம்மாள் பார்த்தார். டாஃபி கரைந்துகொண்டிருந்த அவருடைய வாயும் மெல்லத் திறந்தது.

டிக்.

அவரைப் பார்த்துத் தையல்கடைக்காரர். டிக். அவருக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள். டிக், டிக். இரண்டாம் வரிசையில் டாக்டரின் சொந்த மாமியார், ராகத்தோடு. டிக். டாக்டர் வேகமாகப் பேசிப் பார்த்தார், மெதுவாகப் பேசிப் பார்த்தார். கொட்டாவி வரிசை வரிசையாக ஏறிக்கொண்டே போனது. நடுக் கூடத்தைத் தாண்டியதும் ஒன்று இரண்டு என்ற கணக்கெல்லாம் போய், கொத்துக் கொத்தாக விழ ஆரம்பித்தது. மேடத்தின் கட்டைவிரல் தட்டச்சு செய்வதுபோல் ஓடியது. பத்து எப்போதோ போய்விட்டது.

டாக்டருக்கு ஒரு கணம் ஸ்டோர் ரூம் கண்முன் வந்தது. துடைத்து வைத்த ஸ்டூல் தெரிந்தது. இத்தனை வருஷம் ஆசையாகச் செய்த வேலை கண்ணெதிரே போகிறதே என்று அழுகை முட்டியது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? கையிலிருந்த தாள்களை மேஜையில் வைத்துவிட்டார்.

"எல்லாரும் நல்லா விடுங்க," என்றார். "அடக்காதீங்க. பத்துக் கொட்டாவிக்கு மேல போனா என் ஆராய்ச்சி குளோஸ். இப்ப எத்தனை ஆச்சோ தெரியாது. போனாப் போகட்டும். ஆனா ஒண்ணு மட்டும் பாருங்க. இந்த அம்மா ஏன் கொட்டாவி விட்டாங்க? தூக்கமா? இல்லை, பக்கத்துல ஒரு பெரியவர் வாயைத் திறந்தாரு. அவ்வளவுதான். மனுஷனுக்கு மனுஷன் சொல்லாம கொள்ளாம ஒட்டிக்கிறான் பாருங்க, அதைத்தான் நான் இத்தனை வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன். உங்களுக்கு யாருகிட்டேருந்து வந்துச்சு? சொல்லுங்க!"

முன்வரிசைகளில் ஒரு சலசலப்பு எழுந்தது. டாஃபி கரைந்த வாய்கள் பேச ஆரம்பித்தன.

"எனக்கு இவருகிட்டேருந்து!"

"எனக்கு அந்தப் பொண்ணு!"

"எனக்கு அவங்கதான் குடுத்தாங்க," என்று தையல்கடைக்காரர் காட்டியது பக்கத்து அம்மாளை. பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி உடனே எழுந்தாள். "நான் வீட்டுல தினம் விடுறேனே, அதெல்லாம் உங்களுக்குத் தொத்தவே இல்லையே!"

முன்பாதிக் கூடம் வெடித்துச் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அப்போதுதான் அது நடந்தது. மேடையோரத்தில் மேடத்தின் உதடு துடித்தது, கன்னம் உப்பியது, கையால் மறைப்பதற்குள் வாய் முழுசாகத் திறந்து ஒரு அருமையான கொட்டாவி வெளிப்பட்டது. மேடம் நேர்மையானவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு தனக்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் அவர் டாக்டரிடம் வந்தார்.

"டாக்டர், எனக்குத் துளிகூடப் போரடிக்கல. ஆனா நானே விட்டேன். அப்போ உங்க விஷயத்துல இந்தக் கணக்கு செல்லாதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"அதைத்தான் மேடம் நான் முதல்லேருந்து..."

"எனக்கு உறுதியானது எதுல தெரியுமா? பின்வரிசைல. முன்னாடி ஒண்ணு ஒண்ணா வந்தது, பின்னாடி போகப் போகக் கொத்தா வந்ததே! தொத்துதுங்கிறதுக்கு இதைவிட வேற என்ன சாட்சி வேணும்? இயக்குநர்கிட்ட நான் பேசிக்கறேன். உங்க ஆராய்ச்சியை யாரும் தொட மாட்டாங்க."

டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. "கூட்டம் பெரிசாப் பெரிசா வேகம் கூடும் மேடம். எங்க கணக்குப்படி அது அப்படித்தான் ஆகணும்," என்றார். மாமியார் பக்கத்தில் வந்து நின்று, "எங்க மாப்பிள்ளை அப்பவே சொன்னார், பாசம் இருந்தா வரும்னு," என்று மேடத்துக்கு விளக்கினார். மேடம் முதல் முறையாகச் சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

கூடத்தின் கோடியில் மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பிளக்கைக் கையில் பிடித்தபடி, தலையைச் சொறிந்துகொண்டு டாக்டரிடம் வந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். உங்க மச்சான் ஃபேன் மாட்டுறதுக்காகப் பின்பக்க பாக்ஸ் ரெண்டையும் பிடுங்கிட்டாரு. பாதிக் கூடத்துக்கு நீங்க பேசினது ஒரு வார்த்தைகூடக் கேக்கலை, கேக்கலைன்னு கத்தலாம்னா வாயெல்லாம் மிட்டாய். அரை மணி நேரம் ஒண்ணும் கேக்காம சும்மா உக்காந்திருந்தா, கொட்டாவி வராம வேற என்ன சார் வரும்?"