துச்சாதனன் கொளுத்திய கற்பூரம்

பிடிவாதம் நல்ல குணம் என்று சொல்பவர்கள் யாரும் என்னோடு திருப்பதிக்கு வந்தவர்கள் இல்லை.

அப்போது எனக்குப் பதினாறு வயது. எங்கள் நகரி ஆந்திராவிலேயே இருக்குமா, மதராஸோடு சேருமா என்று பெரியவர்கள் டீக்கடையில் பெஞ்சு உடைய வாதாடிக்கொண்டிருந்த காலம். என் கவலை வேறு. கோடை விடுமுறையில் நாடகம் கற்க எங்கே போவது? சித்தூரில் ஒரு வாத்தியார் தமிழ் நாடகம் பழக்கினார். திருப்பதியில் ஒரு சபா தெலுங்கு நாடகத்துக்குக் கோடை வகுப்பு நடத்தியது. தறி நெய்யும் என் நைனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த ஒரு கோடைதான். உருப்படியா எதனா கத்துக்கினா நடி. இல்லேன்னா பேசாம தறியில வந்து குந்து."

அவர் சித்தூர் கட்சி. "அங்க நம்ம பாஷையில சொல்லிக் குடுப்பாங்க. திருப்பதியில போயி வாயப் பாத்துக்கினு இருப்பியா?"

"எனக்குத் தெலுங்கு வரும் நைனா."

"சந்தையில கத்திரிக்கா வாங்குற தெலுங்குடா அது. அத்த வச்சிக்கினு ராஜா வேஷம் கட்டுவியா?"

நியாயமான கேள்விதான். ஆனால் திருப்பதி சபாவில் வெல்வெட் திரை இருந்தது. கயிற்றை இழுத்தால் இரண்டாகப் பிரியுமாம். எங்கள் ஊர்க் கூத்தில் இரண்டு பேர் ஒரு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் திரை. (துணியின் தரத்தை வைத்துக் கலையை அளந்த மேதை நான்.) சோறு வேண்டாமென்று படுத்துக் கிடந்து, அம்மா ஒளித்துக் கொடுத்ததை மட்டும் தின்று, சம்மதம் வாங்கினேன்.

திருப்பதியில் நடிக்கச் சொல்லிப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். சபா வாத்தியார் என்னைத் துச்சாதனன் ஆக்கினார். திரௌபதி, தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். வாத்தியார் தம் மனைவியின் மெல்லிய வாயல் புடவையை அவருக்குச் சுற்றிவிட்டிருந்தார். மீசையை எடுக்க மட்டும் திரௌபதி ஒப்புக்கொள்ளவில்லை.

"லாகு பாபு" என்றார் வாத்தியார். இழு என்று அர்த்தம்.

நான் இழுக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் துச்சாதனன் புடவையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்துவார்கள். கற்பூரம் கொளுத்தி, திரௌபதியம்மனைக் கும்பிட்டு, தப்பை மன்னிக்கச் சொல்லிவிட்டுத்தான் கொடுமையை ஆரம்பிப்பார்கள். கும்பிடாமல் தொட்டவன் விளங்கமாட்டான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். எந்த வேஷம் வந்தாலும் உதவுமென்று பையில் கற்பூரமும் தீப்பெட்டியும் தயாராக வைத்திருந்தேன்.

"கற்பூரம் காட்டாம தொடமாட்டேன் சார்."

"இது டிராமா பாபு, கோயில் இல்ல."

"துச்சாதனனே ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்குது சார்."

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு சரி என்றார். டிபன் டப்பா மூடியில் கற்பூரத்தைக் கொளுத்தி, குமாஸ்தாவின் காலடியில் வைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். என் பக்தி எனக்கே பிடித்துப்போனதால் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்து கிடந்தேன். அவர் கூச்சப்பட்டுப் பின்னால் நகர்ந்தார். தரையில் புரண்ட முந்தானை கற்பூரத்தின் மேல் போனது.

"லாகு, லாகு" என்று இப்போது மொத்த சபாவும் கத்தியது. இழுத்தேன். குமாஸ்தா பம்பரமாகச் சுற்றினார். கண்ணன் வரவில்லை, புடவை வளரவில்லை. எரியும் துணியை நான் மிதித்து அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது, திரௌபதி பட்டாபட்டி டிராயரோடும் மீசையோடும் நின்றுகொண்டிருந்தார். ஒரு சூடு, காயம் இல்லை. ஆனால் பாரதத்தில்கூட நடக்காத பாவத்தை நான் செய்து முடித்துவிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி அவர் காலில் விழுந்தேன்.

வாத்தியார் கருகிய புடவையைச் சுருட்டி எடுத்தார். பிறகு, "எத்தனையோ பேருக்கு இந்த வேஷம் சொல்லிக் குடுத்திருக்கேன் பாபு. முழுசா உருவினவன் நீ ஒருத்தன்தான்" என்று சொல்லி வாசலைக் காட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். நகரி பஸ் வந்தது. ஏறினால் தறிதான். ஏறவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

சித்தூர் வாத்தியார் வகுப்பை ஆரம்பித்துவிட்டிருந்தார். "இவ்ளோ நாளா எங்கடா இருந்த?" என்றார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. "உள்ள வா. அந்தத் தீப்பெட்டிய மட்டும் இங்க குடுத்துட்டு வா" என்றார்.

விஷயம் காதுக்கு எட்டியதும் நைனா தாமே ஒரு புடவை நெய்து திருப்பதிக்குக் கொடுத்தனுப்பினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு வெகுகாலம் மேடையில் இருந்தேன். ராஜா, மந்திரி, திருடன் எல்லாம் கட்டியாயிற்று. துச்சாதனன் மட்டும் யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நைனா இந்தக் கதையைக் கல்யாணமான வாரத்திலேயே என் மனைவியிடம் சொல்லிவிட்டார். இன்றைக்கும் மழை இருட்டினால் அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்:

"கொடியில என் பொடவ காயுது, எடுத்துக்கினு வாங்க. கற்பூரம் தேடிக்கினு நிக்காதீங்க, நனைஞ்சிடும்."

பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் முறைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போவேன். அங்கே யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தபின், கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் புடவையைத் தொடுகிறேன்.